கண்மாய்க்குக் கணக்கு இருக்கு, கால்வாய்க்கு? கடலாடியின் நீர்ச் சங்கிலியை மொபைல் திரைக்குக் கொண்டுவருவது எப்படி?

காவிரி – வைகை – குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கரூர் மாவட்டம் மாயனூர் கட்டளைக் கதவணையில் தொடங்கி, சுமார் 262 கி.மீ. நீளத்துக்குக் கால்வாய், மூன்று கட்டங்கள், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. காவிரியின் வெள்ள உபரிநீரைத் தெற்கே கொண்டுவருவதுதான் நோக்கம். கடைசிக் கட்டம் வைகையையும் குண்டாற்றையும் இணைக்கிறது.

சரி, தண்ணீர் குண்டாறு வரை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு?

குண்டாற்றின் கடைசிப் பகுதி ராமநாதபுரம் மாவட்டம். கமுதியைத் தாண்டி, கடலாடி வட்டத்தில் மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இந்தப் பகுதியில் ஆற்றுத் தண்ணீர் நேராக வயலுக்குப் போவதில்லை. ஆற்றிலிருந்து வரத்துக்கால்வாய், அங்கிருந்து கண்மாய், கண்மாய் நிரம்பினால் மறுகால், மறுகாலிலிருந்து அடுத்த கண்மாய் என்று கைமாறிக் கைமாறித்தான் போகும். நடுவில் ஒரு கால்வாய் தூர்ந்திருந்தால், மேலே எத்தனை ஆயிரம் கோடி செலவழித்தாலும் கீழே உள்ள ஊருக்குச் சொட்டுத் தண்ணீர் வராது.

எந்தக் கண்மாய் எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் தருகிறது, நடுவில் எந்தக் கால்வாய் அடைபட்டிருக்கிறது? இதை ஒரு சாதாரண ஆள் தன் மொபைலில் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். அதற்கான தொழில்நுட்பத்தின் பெயர் 'நெட்வொர்க் கிராஃப்'. தொழில்நுட்பம் இலவசமாகவே கிடைக்கிறது. இல்லாதது வேறொன்று.

நெட்வொர்க் கிராஃப் என்றால் என்ன?

பள்ளியில் வரைந்த கோட்டு வரைபடம் அல்ல இது. இங்கே 'கிராஃப்' என்பது புள்ளிகளும், அவற்றை இணைக்கும் கோடுகளும். அவ்வளவுதான். ஃபேஸ்புக்கில் ஆட்கள் புள்ளிகள், நட்பு கோடு. ரயில்வேயில் ஸ்டேஷன்கள் புள்ளிகள், தண்டவாளம் கோடு. 1736-ல் கணித மேதை ஆய்லர், கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களை ஒரே நடையில், எந்தப் பாலத்தையும் இரண்டு முறை கடக்காமல் கடக்க முடியாது என்று நிரூபித்தார். இந்தத் துறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. ஆற்றங்கரை ஊரில் பிறந்த கணக்கு, கண்மாய்க்குப் பொருந்துவதில் ஆச்சரியம் இல்லை.

கண்மாய்ச் சங்கிலியில் கண்மாய்கள் புள்ளிகள். கால்வாய்கள் கோடுகள். கூடுதலாக ஒரு விஷயம்: கோட்டுக்குத் திசை உண்டு. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும், திரும்பி வராது. இதைத் 'திசையுள்ள கிராஃப்' என்பார்கள்.

இதையே 'இன்டராக்டிவ்' ஆக்குவது என்றால், படம் சும்மா நிற்காமல் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு கண்மாயைத் தொட்டால், அதற்குத் தண்ணீர் தரும் மேல் கண்மாய்கள் ஒரு நிறத்திலும், அதை நம்பியிருக்கும் கீழ்க் கண்மாய்கள் இன்னொரு நிறத்திலும் ஒளிர வேண்டும். ஒரு கால்வாயைத் தொட்டு 'இது அடைபட்டால்?' என்று கேட்டால், பாதிக்கப்படும் ஊர்கள் உடனே தெரிய வேண்டும்.

பட்டியல் இருந்தால் போதாதா?

போதாது. இதற்கு நாடே பார்த்த உதாரணம் தேர்தல் பத்திரங்கள். 2024 பிப்ரவரி 15 அன்று அந்தத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் விவரங்களை வெளியிட்டது. ஒன்று, பத்திரம் வாங்கியவர்கள் பட்டியல். இன்னொன்று, பணமாக்கிய கட்சிகள் பட்டியல். இரண்டு பட்டியலும் இருந்தும் முக்கியமான கேள்விக்குப் பதில் இல்லை: யார் யாருக்குக் கொடுத்தார்கள்? நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பிறகு, மார்ச் 21 அன்று பத்திர எண்களோடு விவரம் வந்தது. இரண்டு பட்டியலிலும் அந்த எண்ணைப் பொருத்திப் பார்த்த பிறகுதான் கோடுகள் கிடைத்தன. புள்ளிகள் ஒரு வாரம் முன்பே பொதுவெளியில் இருந்தன. செய்தியாக மாறியது கோடுகள் வந்த அன்றுதான்.

உலக அளவில் இதற்கு முன்னோடி 2016-ன் 'பனாமா பேப்பர்ஸ்'. 1.15 கோடி ஆவணங்கள். நிறுவனம், பங்குதாரர், முகவரி எல்லாவற்றையும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் மாற்றி, 'நியோ4ஜே' என்ற கிராஃப் தரவுத்தளத்தில் ஏற்றினார்கள். சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் கூட்டமைப்பு அந்த ஆண்டு மே மாதம் அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. ஒரு பெயரைத் தேடினால், அந்தப் பெயரைச் சுற்றியுள்ள இணைப்புகள் மட்டும் விரியும். புரோகிராம் எழுதத் தெரியாதவரும் தோண்டிப் பார்க்கலாம்.

நீர்நிலைகள் விஷயத்தில் நாம் எங்கே நிற்கிறோம்? 2023-ல் மத்திய ஜல்சக்தி அமைச்சகம் நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பை வெளியிட்டது. நாடு முழுவதும் 24,24,540 நீர்நிலைகள். தமிழ்நாட்டில் 1 லட்சத்துக்கும் அதிகம். எது பயன்பாட்டில் இருக்கிறது, எதில் ஆக்கிரமிப்பு இருக்கிறது என்பதும் அதில் உண்டு. பெரிய வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது புள்ளிகளின் கணக்கு. தேர்தல் பத்திரக் கதையில் சொன்னால், நாம் இன்னும் மார்ச் 14-லேயே நிற்கிறோம்.

சாட்டிலைட் படம் பார்த்தே கோடு போட முடியாதா?

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சுமார் ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் எடுக்கின்றன. படங்கள் இலவசம். எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு பரப்பு நனைந்திருக்கிறது என்பதை அதில் நன்றாகப் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு கட்டம் என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். பல வரத்துக்கால்வாய்களின் அகலம் அதைவிடக் குறைவு. போதாததற்கு மேலே சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கும். செயற்கைக்கோளுக்கு அது வெறும் பச்சை.

நில உயரத்தை வைத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கம்ப்யூட்டர் கணிக்குமே? மலைப் பகுதியில் சரியாகக் கணிக்கும். கடலாடி மாதிரி கடலோரச் சமவெளியில் சிக்கல். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் சில மீட்டர் பிழை சகஜம். இங்கே இரண்டு கண்மாய்களுக்கு இடையே உள்ள உயர வித்தியாசமே அதைவிடக் குறைவாக இருக்கலாம். கம்ப்யூட்டர் போடும் அம்பு தலைகீழாகத் திரும்பிவிட வாய்ப்பு உண்டு.

ஆக, வானத்திலிருந்து புள்ளி தெரியும், கோடு தெரியாது. கோடு தெரிந்தவர்கள் தரையில்தான் இருக்கிறார்கள்: மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சிகள், ஆயக்கட்டுக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள். 'மேலூர் மறுகால் விழுந்தா மூணாம் நாள் நம்ம கண்மாய்க்கு வந்துரும்' என்ற ஒரு வரி, கிராஃபில் ஒரு அம்பும் ஒரு கால அளவும். இவர்களில் பலர் வயதானவர்கள். அடுத்த தலைமுறை சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறது. எழுதி வைக்காவிட்டால் அந்த அம்புகள் அவர்களோடு போய்விடும். இந்த வேலையின் அவசரம் அதுதான்.

கோடு தெரிந்தால் என்ன மாறும்?

ஒரு கற்பனை உதாரணம். ஐந்து கண்மாய்கள். ஆற்றிலிருந்து 'அ' நிரம்புகிறது. 'அ'-வின் மறுகால் இரண்டாகப் பிரிந்து 'ஆ'-வுக்கும் 'ஈ'-க்கும் போகிறது. 'ஆ' நிரம்பி 'இ'-க்கு, 'இ' நிரம்பி 'உ'-வுக்கு. ஆயக்கட்டு: 'அ' 100 ஏக்கர், 'ஆ' 40, 'இ' 150, 'ஈ' 30, 'உ' 60.

பட்டியலை மட்டும் பார்த்துத் தூர்வாரப் பணம் ஒதுக்கினால், பெரிய கண்மாயான 'இ'-தான் முதலில் வரும். 40 ஏக்கர் 'ஆ' வரிசையில் பின்னால் போகும்.

இப்போது கோடுகளைப் பாருங்கள். 'ஆ' – 'இ' கால்வாய் அடைபட்டால் 'இ', 'உ' இரண்டும் காயும். 210 ஏக்கர் பாதிப்பு. 'அ' – 'ஈ' கால்வாய் அடைபட்டால் 30 ஏக்கர். 'ஆ' – 'இ' அடைபட்டிருக்கும்போது 'இ'-யைத் தூர்வாருவது, குழாயில் தண்ணீர் வராத வீட்டில் பெரிய தொட்டி கட்டுவது மாதிரி. முதல் ரூபாய் போக வேண்டியது அந்தக் கால்வாய்க்கு. பட்டியலில் அந்தக் கால்வாய்க்கு ஒரு வரி கூட இருக்காது.

மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள், கண்மாயைத் தனித்தனியாகப் பார்க்காமல் சங்கிலியாகச் சீரமைக்க வேண்டும் என்று நீண்ட காலமாகச் சொல்லியும் செய்தும் வருகின்றன. இலங்கையின் வறண்ட மண்டலத்திலும் இதே மாதிரி குளத் தொடர்கள் உண்டு. 'எல்லங்காவ' என்று பெயர். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அதை உலக அளவில் முக்கியமான வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்திருக்கிறது. பழைய அறிவுதான். அதை ஊர்க்காரர் தன் கையில் வைத்துக் கேள்வி கேட்கும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் புதுசு.

பாதிக்கப்படுவது வயல் மட்டும் அல்ல. கடலாடி வட்டத்தில் உள்ள மேலச்செல்வனூர் – கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் 1998-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 593 ஹெக்டேர். அடிப்படையில் அது கண்மாய். மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய நான்கும் ராம்சர் அங்கீகாரம் பெற்ற சதுப்பு நிலங்கள். அவையும் கண்மாய்கள்தான். வரத்துக்கால்வாய் அடைந்தால், சர்வதேச அங்கீகாரம் தண்ணீர் கொண்டுவராது.

உருவாக்குவது எப்படி?

முதலில் இரண்டே இரண்டு அட்டவணைகள். ஒன்று புள்ளிகளுக்கு: கண்மாய் பெயர், ஊர், ஆயக்கட்டு, இருக்கும் இடம். இரண்டாவது கோடுகளுக்கு: எங்கிருந்து, எங்கே, நிலை என்ன, யார் சொன்ன தகவல், எந்தத் தேதியில் பார்த்தது. ஒரு எக்செல் ஃபைல் போதும். ஒரே பெயரில் பல கண்மாய்கள் இருக்கும். பெரிய கண்மாய் இல்லாத வட்டாரம் ஏது? அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுப்பது கட்டாயம்.

அடுத்தது படம். கணினியில் வைத்து ஆராய 'கெஃபி', 'சைட்டோஸ்கேப்' என்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பிரௌசரில் ஓட வைக்க 'டி3', 'சைட்டோஸ்கேப் ஜேஎஸ்', 'சிக்மா' போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்தக் கருவிகளில் பிரபலமானது 'ஃபோர்ஸ் லேஅவுட்'. புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளும், கோடுகள் ஸ்பிரிங் மாதிரி இழுக்கும், கடைசியில் எல்லாம் ஓர் இடத்தில் அமரும். பார்க்க அழகு. நட்பு வட்டத்துக்குப் பொருந்தும். தண்ணீருக்குப் பொருந்தாது, ஏனென்றால் அதில் மேல், கீழ் கிடையாது. கடைமடைக் கண்மாய் படத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்மாய்க்குத் தேவை அடுக்கு முறை: ஆறு மேலே, கடல் கீழே, நடுவில் படிப்படியாகக் கண்மாய்கள். கூடவே ஒரு பொத்தான். அதைத் தொட்டால் அதே புள்ளிகள் உண்மையான நில வரைபடத்தில் போய் அமர வேண்டும். 'நம்ம ஊர் எங்கே' என்று தேடுபவருக்கு வரைபடம் உதவும். 'நமக்கு மேல யாரு' என்று கேட்பவருக்கு அடுக்கு உதவும்.

மொபைலில் என்ன பிரச்சினை?

நூற்றுக்கணக்கான கண்மாய்களை ஒரே நேரத்தில் ஆறு அங்குலத் திரையில் காட்டினால் நூல்கண்டு சிக்கியது மாதிரி இருக்கும். இந்தத் துறையில் அதற்கு 'முடிக்கற்றை' என்றே கேலிப் பெயர். முழுப் படத்தில் தொடங்கி, பெரிதாக்கி, வடிகட்டி, கேட்டபோது விவரம் காட்டுவது என்பது 1996-ல் பென் ஷ்னைடர்மேன் வகுத்த வரிசை. பெரிய திரைக்கு இன்றும் அது நல்ல வழி. மொபைலில் தலைகீழாகத் தொடங்குவது நல்லது: முதலில் தேடல் பெட்டி, ஊர்ப் பெயர், அந்த ஊரின் கண்மாய், அதற்கு ஒரு படி மேலே, ஒரு படி கீழே. தொடத் தொட விரியட்டும்.

வேகமும் முக்கியம். எஸ்விஜி முறையில் வரைந்தால் சில ஆயிரம் உருவங்களுக்கு மேல் சாதாரண போன் திணறும். அப்போது கேன்வாஸ் அல்லது வெப்ஜிஎல் முறைக்குப் போக வேண்டும். ஒரு வட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் அந்தச் சிக்கலே பெரிதாக வராது. விரல் நுனி மவுஸ் முனை அல்ல. புள்ளி சின்னதாக இருந்தாலும் தொடும் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். வெயிலில் நின்று பார்ப்பவருக்கு வெளிர் நிறங்கள் தெரியாது. சிவப்பு – பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் உண்டு. அதனால் அடைபட்ட கால்வாயை நிறத்தால் மட்டும் காட்டாமல், கோட்டின் குறுக்கே ஒரு வெட்டுக் குறியும் போட வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்க, தகவல் போனிலேயே சேமிக்கப்பட வேண்டும்.

படம் பொய் சொல்லுமா?

சொல்லும். அதுவும் நம்பும்படியாக. திரையில் கோடு இல்லாவிட்டால், பார்ப்பவர் 'இணைப்பு இல்லை' என்று முடிவு செய்வார். உண்மையில் யாரும் போய்ப் பார்க்காத இடமாக அது இருக்கலாம். அதனால் கோட்டுக்கு நான்கு நிலைகள் தேவை: ஓடுகிறது, அடைபட்டிருக்கிறது, பழைய ஆவணத்தில் மட்டும் இருக்கிறது, விசாரிக்கவில்லை. கடைசி இரண்டும் புள்ளிக்கோடாக வரட்டும்.

இரண்டாவது ஆபத்து, சண்டை. 'மேலூர்க்காரங்க கலுங்கை உசத்திட்டாங்க' என்ற புகார் இங்கே புதிதல்ல. யார் சொன்னாலும் அப்படியே ஏற்றும் படம், ஒரு தரப்பின் ஆயுதமாக மாறிவிடும். மேல் ஊர், கீழ் ஊர் இருவரும் ஒப்புக்கொண்ட கோடு என்றால் ஒரு குறி, ஒருவர் மட்டும் சொன்னது என்றால் வேறு குறி என்று வைக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேடும் புலப்பட வரைபடமும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கால்வாய் எந்த சர்வே எண்ணில் அடைபட்டிருக்கிறது என்று காட்டலாம். அங்கே யார் குடியிருக்கிறார், யார் பயிர் வைத்திருக்கிறார் என்ற பெயர் படத்துக்கு வேண்டாம். ஆக்கிரமிப்பா இல்லையா என்பதை முடிவு செய்வது வருவாய்த் துறையும் நீதிமன்றமும். ஆப் அல்ல.

மூன்றாவது, பழசாவது. ஒரு மழைக்காலத்தில் கரை உடையும், ஒரு சாலை வேலையில் பாலக் குழாய் உயரமாக வைக்கப்படும், கோடு மாறிவிடும். தேதி போடாத கோட்டை நம்பக் கூடாது.

யார் தொடங்கலாம்?

அரசு தொடங்கினால் நல்லது. பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையிடமும் ஊராட்சி ஒன்றியங்களிடமும் கண்மாய் விவரங்கள் பிரிந்து கிடக்கின்றன. ஒரு சங்கிலியில் பெரிய கண்மாய் துறையிடமும், அதற்கு அடுத்த சின்னக் கண்மாய் ஒன்றியத்திடமும் இருக்கும். நடுவில் உள்ள கால்வாய் யார் பொறுப்பு என்ற கேள்விதான் பல இடங்களில் பதில் இல்லாமல் நிற்கிறது. இரண்டு பட்டியலையும் ஒரே கிராஃபில் வைத்தாலே, பொறுப்பு எங்கே விட்டுப்போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் யார் வேண்டுமானாலும் கால்வாய் வரையலாம். தண்ணீர் ஓடும் திசையில் கோட்டை வரைய வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே வரைந்த கோட்டிலேயே அம்பு அடங்கியிருக்கும். பிறகு அதைக் கிராஃபாக மாற்றுவது எளிது.

இதற்கு ஏற்ற நேரம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழையில் மறுகால் விழும் நாட்களில் கால்வாய் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். தீபாவளிக்கு ஊருக்கு வரும் ஐடி ஊழியரின் கையில் போன் இருக்கிறது, ஜிபிஎஸ் இருக்கிறது. ஊரில் இருக்கும் நீர்பாய்ச்சியின் தலையில் வரைபடம் இருக்கிறது. இருவரும் ஒருநாள் காலையில் கண்மாயின் மறுகாலில் தொடங்கி அடுத்த கண்மாய் வரை சேர்ந்து நடந்தால், ஒரு கோடு முடிந்தது.

காவிரித் தண்ணீர் எப்போது குண்டாற்றுக்கு வரும் என்பது கடலாடிக்காரர்கள் கையில் இல்லை. வரும்போது அது தங்கள் கண்மாய்க்குத் திரும்புமா, நேராகக் கடலுக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கப்போவது இந்தக் கோடுகள்தான்.